காலாளும் காவலனும்

ஆங்கிலப் பாடவேளை. கரும்பலகையில் ஒரு சிறு வினைச்சொல்லை எழுதி, "இதன் பொருள் யாது?" என்று கேட்டோம். ‘செக்’ என்பதே அச்சொல்.

கைகள் பல உயர்ந்தன. "பேருந்தில் ஏறிப் பயணச்சீட்டைச் சோதிக்கிறார்களே, அதுதான் ஐயா!" என்றான் ஒருவன். "வங்கியில் தரும் காசோலை!" என்றாள் மற்றொருத்தி. "சதுரங்கத்தில் அரசனுக்கு வைப்பது!" என்றான் அவ்வாட்டத்தில் வல்ல ஒருவன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாங்கள் போட்டிருக்கும் கட்டம்போட்ட சட்டை!" வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரித்து முடித்துப் பாடநூல் வேண்டிய பொருளைப் பலகையில் எழுதினோம்: தடுத்தல், அடக்குதல், கட்டுக்குள் நிறுத்துதல்.

அப்போதுதான் அந்த வினா எழுந்தது. "தடுப்பது வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு அல்லவா, ஐயா? இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?"

எளிய வினாதான். ஆனால் எளிய வினாக்களே ஆசிரியனைத் திணறடிக்க வல்லவை! "நாளை விடை கூறுவோம்" என்று சொல்லி, மணி அடித்த மகிழ்ச்சியில் வெளியேறினோம். அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். வரலாற்று நூல்களைத் தேடினோம். விடை கிடைத்தது. விடையோடு வேறொன்றும் கிடைத்தது. நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி. இரண்டையும் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அச்சொல்லின் வேர் ஆங்கில மண்ணில் இல்லை, பாரசீகத்தில் இருக்கிறது. ‘ஷா’ என்றால் அந்நாட்டு மொழியில் அரசன். இந்தியாவின் வடபகுதியில் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் ஆடப்பட்ட சதுரங்கம் பாரசீகம் சென்றது. அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், அரபு மக்கள் வழியே ஐரோப்பாவுக்கும் பரவிற்று. எதிரியின் அரசனைத் தாக்கும்படி காயை நகர்த்தியவன், "ஷா!" என்று குரல் கொடுப்பான். ‘அரசே, கவனம்! உனக்கு ஆபத்து!’ என்பது அக்குரலின் கருத்து. அந்த ‘ஷா’ இலத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ‘ஷா மாத்’, அதாவது அரசன் செயலற்றுப் போனான் என்னும் தொடர், ‘செக்மேட்’ ஆயிற்று.

என்ன விந்தை! அரசனைக் குறித்த பெயர்ச்சொல், அடக்குதலைக் குறிக்கும் வினைச்சொல்லாகிவிட்டது! யாரை அடக்க முடியாது என்று உலகம் அஞ்சி ஒடுங்கியதோ, அவனுடைய பெயரே அடக்குதலுக்குப் பெயராயிற்று!

பொருள் வளர்ந்த வழியும் நேரானதே. அரசனுக்கு எச்சரிக்கை என்றதும் ஆட்டத்தின் போக்குச் சட்டென நிற்கிறது. ஆகவே நிறுத்துதல், தடுத்தல், அடக்குதல் என்ற பொருள்கள் பிறந்தன. தவறு நடவாமல் தடுக்க வேண்டுமாயின் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே சோதித்தல் என்ற பொருளும் பின்னர் வந்து சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில், பணமுறியில் மோசடி நடவாமல் காப்பதற்கு வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கு அப்பெயர் வழங்கி, பின்னர் முறிக்கே அது பெயராயிற்று. சட்டையின் கட்டமோ சதுரங்கப் பலகையின் கட்டம். நமது மாணவர் நால்வரும் சொன்னது சரியே. நால்வரும் ஒரே மரத்தின் கிளைகளைப் பிடித்திருந்தனர்.

அவ்வாட்டத்தின் விதி ஒன்றை ஊன்றிப் பாருங்கள். அரசன் தாக்கப்பட்டான் என்றால், அவன் தரப்பார் வேறு எந்தக் காரியத்தையும் பார்க்க இயலாது. பலகையின் மறுமூலையில் எதிரியின் யானையை வெட்டும் வாய்ப்பு இருக்கலாம். குதிரையைக் கொண்டு கோட்டையைக் குலைக்கும் வழி தெரியலாம். அத்தனையும் நிற்கட்டும்! முதலில் விடை கூறு! விலகு; அல்லது இடையே ஒரு காயை வை; அல்லது தாக்கிய காயை வெட்டு. விடை கூறாமல் ஆட்டத்தைத் தொடர அரசனுக்கு உரிமை இல்லை.

மேலும் ஒன்று. அரசனைத் தாக்கும் காய் எது என்று விதி கேட்பதில்லை. ஆற்றல்மிகு அரசியும் தாக்கலாம். ஒவ்வொரு கட்டமாய் ஊர்ந்து செல்லும் காலாளும் தாக்கலாம். காலாள் எழுப்பிய குரல் என்பதற்காக, "உன் தகுதி என்ன? உன் தரம் என்ன? உன் பாட்டன் யார்?" என்று அரசன் வினவத் தொடங்கினால் ஆட்டம் ஆட்டமாக இராது. கேட்டவன் யார் என்பதன்று. கேட்டது சரியா என்பதே அங்கே பேச்சு. மரப்பலகை மீது மனிதன் அமைத்த இந்த நீதியை மண்ணின் மீது அமைக்க அவனுக்கு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின!

பலகை பின்னர் அரண்மனைக்குள்ளும் புகுந்தது. இங்கிலாந்தை முதலாம் ஹென்றி ஆண்ட காலத்தில், அதாவது 1100 முதல் 1135 வரை, அரசின் வரவுகளைக் கணக்கிட ஓர் அவை உருப்பெற்றது. நீளம் 10 அடி, அகலம் 5 அடி கொண்ட மேசை. அதன் மேல் கோடுகள் இட்ட கருந்துணி. கட்டங்களில் காய்களை வைத்துக் கூட்டலும் கழித்தலும். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போல் இருந்தமையால் அவைக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. இன்றும் இங்கிலாந்தின் நிதியமைச்சர் அப்பெயரைச் சுமந்தே பதவி வகிக்கிறார்.

மாவட்டந்தோறும் அரசன் பேரால் வரி தண்டியவர்கள் ஷெரீப்புகள். தம் ஊரில் அவர்கள் சிங்கங்கள்! ஆனால் ஈஸ்டர் காலத்தில் ஒரு பகுதித் தொகையைச் செலுத்திவிட்டு, செப்டம்பர் இறுதியில் வரும் புனித மைக்கேல் திருநாளை ஒட்டி அந்தக் கருந்துணியின் முன் வந்து முழுக்கணக்கையும் ஒப்புவிக்க வேண்டும். செலுத்த வேண்டியது இவ்வளவு என்று ஒரு வரிசையில் காய்கள். செலுத்தியது இவ்வளவு என்று அதன் கீழ் மற்றொரு வரிசையில் காய்கள். எழுத்தறியாதவனும் கண்ணால் கண்டு குறையை அறியலாம். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராயிருந்த ரிச்சர்டு பிட்ஸ்நீல் இந்த அவையின் நடைமுறையை ஓர் உரையாடல் நூலாக எழுதிவைத்தார். கருவூலத் தலைவருக்கும் ஷெரீப்புக்கும் இடையே நடக்கும் சதுரங்கப் போராகவே அவர் இதனைக் கண்டார்.

அம்மேசையின் அருகே மற்றொரு பொருளும் இருந்தது: கணக்குக் கோல். ஹேசல் என்னும் மரத்தின் சிறு கோலில் தொகையை வெட்டுகளாகக் குறிப்பார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைத் தடிமன் வெட்டு, நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சிறுவிரல், ஒரு பவுனுக்கு வாற்கோதுமை மணி அளவு. வெட்டிய கோலை நெடுக்கே இரண்டாகப் பிளப்பார்கள். நீண்ட பகுதி பணம் செலுத்தியவனிடம். குட்டைப் பகுதி கருவூலத்திடம். ஒருவன் தன் பகுதியில் ஒரு வெட்டைக் கூட்டினாலும் மற்றதோடு பொருந்தாது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

இக்கோலைச் சிறு பொருளென எண்ணற்க! செலுத்தியவன் பொய் சொல்லாமல் அது தடுத்தது. அவ்வளவே எனில் அதில் சிறப்பில்லை. பெற்றுக்கொண்ட கருவூலமும் பொய் சொல்லாமல் அது தடுத்தது. "நீ இன்னும் கட்டவில்லை" என்று அரசனின் ஆளே மிரட்டினாலும், "இதோ என் பாதி!" என்று நீட்ட எளியவனின் கையில் ஒரு துண்டு மரம் இருந்தது. சோதனை என்றாலே குற்றவாளியைப் பிடிப்பதற்கு என்று எண்ணுகிறோம். நேர்மையானவனைக் காப்பதற்கும் அதுவே கருவி என்பதைக் கோலின் மறுபாதி சொல்கிறது. 1826 வரை இக்கோல்கள் வழக்கில் இருந்தன. குவிந்து கிடந்தவற்றை 1834 அக்டோபர் 16 அன்று பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது, தீ பரவிப் பாராளுமன்றத்தையே எரித்தது வரலாற்றின் வேடிக்கை!

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஷெரீப்பைக் கருவூலம் சோதித்தது. கருவூலம் யாருடையது? அரசனுடையது. அரசனைச் சோதித்தவர் யார்? அரசனுக்கு எச்சரிக்கையாகப் பிறந்த சொல், அரசன் கையில் இருந்து பிறரை எச்சரிக்கும் கோலாயிற்று. கருந்துணியின் இப்புறம் வந்து நின்று கணக்குச் சொல்லும் கடமை மன்னனுக்கு இல்லை.

அவனை இப்புறம் கொண்டுவந்து நிறுத்திய வரலாறுதான் இங்கிலாந்தின் அரசியல் வரலாறு. 1215 ஜூனில் ரன்னிமீடு என்னும் புல்வெளியில் ஜான் மன்னன் மகாசாசனத்திற்கு இசைந்தான். அதனை அவன் மீறாமல் பார்க்க 25 பிரபுக்களை நியமிக்கவும் வழி செய்தனர். அந்த ஆகஸ்டிலேயே போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்! பின்வந்த முதலாம் சார்லஸ், 1629 முதல் 1640 வரை 11 ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான். "கவனம், அரசே!" என்று கூறும் வாய்களை அடைத்தான். 1649 ஜனவரி 30 அன்று அவன் தலை வெட்டுமேடையில் வீழ்ந்தது. சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லை. ஏனெனில் அங்கே எச்சரிக்கைக்கு அவன் செவிசாய்த்தே ஆக வேண்டும். செவியை மூடிக்கொண்ட மன்னனுக்கோ வரலாறு அந்தச் சலுகையைத் தரவில்லை.

1689இல் உரிமைச் சட்டம் வந்தது. பாராளுமன்றத்தின் இசைவின்றி அரசன் வரி தண்டுவது சட்டத்திற்கு மாறு என்றது. 1866இல் மற்றொரு சட்டம், இரு வேலைகளை ஒரே அதிகாரியிடம் சேர்த்தது. கருவூலத்திலிருந்து முறையற்றுப் பணம் வெளியேறாமல் தடுத்து நிறுத்துவது ஒரு வேலை. செலவழிந்த பணத்தின் கணக்கை ஆராய்வது மற்றொரு வேலை. அவருக்குக் கட்டுப்பாட்டாளர், தணிக்கையாளர் என்ற இரு பெயர்களும் சேர்ந்தன. கட்டுப்பாடு என்று நாம் சொல்லும் ‘கண்ட்ரோல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இங்கே நோக்கத்தக்கது. ஓர் அலுவலர் எழுதிய ஏட்டுச் சுருளை ஒப்பிட்டுப் பார்க்க மற்றொருவர் எழுதிவைத்த எதிர்ச்சுருள் என்பதே அதன் பழம்பொருள். அச்சொல்லிலும் அடக்குதலுக்கு அடியில் ஒப்பிட்டுப் பார்த்தல்தான் இருக்கிறது!

இப்போது நமது மாணவரின் வினாவுக்கு வருவோம். தடுப்பதற்கும் சோதிப்பதற்கும் ஒரே சொல் ஏன்? வரலாறு தரும் விடையோடு அறிவு தரும் விடையும் ஒன்று உண்டு. இவ்விரண்டும் பிரிந்தால் இரண்டுமே கெட்டுவிடும். ஆராயாமல் தடுப்பது கொடுமை. தடுக்க இயலாமல் ஆராய்வது சடங்கு.

கொடுமைக்குச் சான்று தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ‘தடுப்புக் காவல்’ என்ற சொற்றொடரை நாம் அறிவோம். 1975 ஜூன் 25 அன்று இந்நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தடுத்து வைக்கப்பட்டனர். "எங்களை ஏன் தடுத்தீர்கள்? ஆராய்ந்து சொல்லுங்கள்" என்று ஆட்கொணர்வு மனுவோடு அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 1976 ஏப்ரலில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் நால்வர், அந்நிலையில் அவ்வாறு கேட்க வழியில்லை என்றனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். அத்தீர்ப்புத் தவறு என்று அதே நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் அறிவித்தது. இடையே 41 ஆண்டுகள்! தடுக்கும் கை விரைந்து நீண்டது. ஆராயும் கண் திறக்க எத்தனை காலம் பிடித்தது!

சடங்குக்கும் சான்று உண்டு. நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்பு, அந்த இரட்டைப் பெயரை அப்படியே ஏற்று ஒரு பதவியை அமைத்தது. பெயரில் கட்டுப்பாடு முன்னே நிற்கிறது. தணிக்கை பின்னே நிற்கிறது. நடைமுறையிலோ, பணம் வெளியேறும்போது தடுக்கும் வேலை அவரிடம் இல்லை. வெளியேறிய பின் ஆராயும் வேலையே பெரிதும் இருக்கிறது. அவருடைய அறிக்கை அவையின் முன் வைக்கப்படும். அதனை எடுத்துப் படித்துக் கேள்வி கேட்கும் உறுப்பினரும், அவரைக் கேட்கத் தூண்டும் மக்களும் இருந்தால் அது ஆயுதம். இல்லையேல் அட்டை போட்ட காகிதம்!

அரசையும் அரசனையும் பேசுவது எளிது. நம்மை நாம் பேசுவது கடினம். முன்னே குறித்த கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம்.

சென்ற ஆண்டு, வகுப்பில் கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் திரட்டினோம். எண்ணிப் பார்த்தபோது நூறு ரூபாய் குறைந்தது. "யாரும் வெளியே போகக் கூடாது" என்றோம். பைகளைச் சோதித்தோம். எங்கிருந்து தொடங்கினோம்? கடைசி வரிசையிலிருந்து. முதலில் யார் பையைக் கவிழ்த்தோம்? சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாதிருந்த ஒரு மாணவன் பையை. அட்டை கிழிந்த இரு நோட்டுகள், ஒரு பேனா, மதிய உணவுத் தட்டு. அவ்வளவுதான் விழுந்தன. தட்டு விழுந்த ஓசை இன்றும் நம் செவியில் இருக்கிறது. முன் வரிசைப் பைகளுக்கு நாம் போகவேயில்லை. போகத் தோன்றவேயில்லை!

மாலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தோம். உள்ளே, நாமே மறந்து செருகிவைத்த அந்த நூறு ரூபாய்த் தாள் இருந்தது.

மறுநாள் வகுப்பின் முன் உண்மையைச் சொல்லி, அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் எழுந்து நின்று, "பரவாயில்லை ஐயா" என்றான். அவன் சினந்திருந்தால் நம் நெஞ்சு இவ்வளவு சுட்டிராது. பரவாயில்லை என்று சொல்ல அவனை யார் பழக்கினர்? எத்தனை முறை, எத்தனை பேர், அவன் பையை முதலில் கவிழ்த்திருந்தால் அந்தச் சொல் அவ்வளவு எளிதாக அவன் நாவில் வந்திருக்கும்?

தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இருந்தது. சோதிக்கும் ஆற்றலும் நம்மிடமே இருந்தது. நம்மைச் சோதிக்கும் ஆற்றல் அவ்வகுப்பில் யாரிடமும் இல்லை. நாற்பது காலாட்களும் ஒரே ஒரு காவலனும் இருந்த அந்தச் சிறு நாட்டில், "கவனம், அரசே! உம் பதிவேட்டையும் பாரும்!" என்று கூற ஒரு காயும் அசைய முடியவில்லை. நாம் தீயவர் அல்லர். ஆயினும் கொடுமை நிகழ்ந்தது. இதுதான் நாம் கற்ற பாடம்.

"அடக்கம் அகத்தில் இருந்தால் போதாதா? நல்லவனுக்குத் தன்னடக்கமே காவல். புறத்தே ஒரு தடை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. தன்னடக்கம் உயர்ந்ததே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கு ஓதப்படுகிறது என்று பாருங்கள். பெண்ணுக்கு அடக்கம் வேண்டும் என்கிறார்கள். உழைப்பவன் அடங்கி இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒதுக்கப்பட்டவன் குரல் உயர்த்தலாகாது என்கிறார்கள். அடக்கத்தின் பெருமை எல்லாம் அடங்கிக் கிடப்பவனுக்கே பாடமாக்கப்படுகிறது; அடக்கப்பட வேண்டியவன் அரியணையில் அமர்ந்து அப்பாடத்தைத் தலையசைத்துப் பாராட்டுகிறான்! அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத மன்னனுக்குப் பகைவர் தேவையில்லை, தானே கெடுவான் என்ற கருத்தை வைத்தார். மன்னனின் தன்னடக்கத்தை நம்பி அவர் வாளாவிருந்துவிடவில்லை.

இடித்துரை! எவ்வளவு பொருத்தமான சொல்! தடுப்பதும் அதில் இருக்கிறது. ஆராய்ந்து சொல்வதும் அதில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஈடு தேடிய நமக்கு அகராதியில் பல சொற்கள் கிடைத்தன. நெஞ்சுக்கு நிறைவளித்தது இதுவே.

மறுநாள் வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறினோம். கட்டம்போட்ட சட்டைகளை அவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டனர். வினா எழுப்பிய மாணவருக்கு நன்றி சொன்னோம். இப்போது நம் வகுப்பில் பணம் திரட்டினால் ஒவ்வொருவருக்கும் ஒரு ரசீதுத் துண்டு உண்டு. அடிக்கட்டை நம்மிடம் இருக்கும். நாம் எண்ணிய பணத்தை மாணவர் இருவர் மீண்டும் எண்ணி, பதிவேட்டில் கையெழுத்திடுகின்றனர்.

சென்ற வாரம் அவ்விருவருள் ஒருத்தி, எண்ணி முடித்து நிமிர்ந்து, "ஐயா, பத்து ரூபாய் அதிகமாக எழுதியிருக்கிறீர்கள்" என்றாள். பார்த்தோம். ஆம், எழுதியிருந்தோம். அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டோம்.